பலகாரக் கூடத்தில் திருநங்கைக்கு வேலை கொடுத்தேன், இப்போது பாத்ரூம் தகராறு. சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுவயல் பலகாரக்காரி (மே 2025):

புதுவயலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன். முகூர்த்த மாதம் என்றால் தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் என்று அடுப்பு அணையாது. ஒன்பது பெண்கள், ஒரு சரக்கு மாஸ்டர், விறகு வெட்ட ஒரு பையன். பங்குனியில் ஒரு திருநங்கையையும் சேர்த்தேன். தேன்குழல் பிழிவதில் அவ்வளவு சீரான கையை நான் பார்த்ததில்லை. கடைசிப் பிழிவும் முதல் பிழிவு மாதிரியே சுற்றுக் கலையாமல் விழும்.

பெண்களுக்குக் கிணற்றடியில் ஒரு பாத்ரூம் இருக்கிறது. நானும் அதற்குத்தான் போகிறேன். ஆண்களுக்கு வெளியே சந்துப் பக்கம். லோடு ஏற்ற வரும் ஆட்டோக்காரர்களும் அங்கேதான் போவார்கள். ஆரம்பத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம், சட்டப்படி 'பெண்' என்றால் யார் என்று லண்டன் கோர்ட்டுத் தீர்ப்பு வந்ததும் எங்கள் பங்காளி வீட்டுப் பையன் அங்கிருந்து குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். அது அடுப்படி வரை வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் ஊர்லயே இவங்களைப் பொம்பளைங்க பாத்ரூம்ல விடக்கூடாதுன்னு சொல்லிட்டான் ஆச்சி" என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை காலையில் வந்தால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை எங்கும் போவதில்லை. கத்திரி வெயிலில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் "தாகம் இல்ல ஆச்சி" என்கிறாள். லண்டன் தீர்ப்பு நமக்குச் செல்லுமா? ஆண்கள் பக்கம் போகச் சொன்னால் தப்பா? அரசாங்க அட்டை ஏதாவது கேட்டு வாங்கி வைக்க வேண்டுமா?

தேவகோட்டை வக்கீல்:

ஆச்சி, லண்டன் தீர்ப்பு புதுவயலுக்குச் செல்லாது. ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வந்த அந்தத் தீர்ப்பு, அவர்களுடைய 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்று இருப்பது பிறப்பால் வந்த பாலினத்தைத்தான் குறிக்கும் என்கிறது. திருநர்களைப் பாகுபாடாக நடத்தக் கூடாது என்ற பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வீடியோ போடுகிறவர்கள் அதுவரை படிப்பதில்லை.

நமக்கு இருப்பது 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) போட்ட வழக்கில் சொன்ன தீர்ப்பு. ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அதுதான் கணக்கு, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்புறம் 2019 திருநர் சட்டம், 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை இடத்தில் பாகுபாடு கூடாது என்று அதன் 3, 9 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. உடல்நலத்துக்கு ஆபத்து வரும்படி நடத்தினால் பிரிவு 18: ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாத்ரூம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 2017ல் மத்திய குடிநீர் அமைச்சகம் தூய்மை இந்தியா திட்டத்துக்காகக் கொடுத்த வழிகாட்டுதலில், பொதுக் கழிப்பறையில் ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று அவர்களே முடிவு செய்யலாம் என்று இருக்கிறது. உங்கள் பின்கட்டு பொதுக் கழிப்பறை இல்லைதான். ஆனாலும் வழக்கு என்று வந்தால் நான் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

அட்டையா? மற்ற ஒன்பது பேரிடம் பாத்ரூம் போக அட்டை கேட்டீர்களா?

சும்மா கேட்கிறேன்:

எல்லாம் சரி. நாளைக்கு எவனாவது சேலையைச் சுற்றிக்கொண்டு நானும் திருநங்கைதான் என்று உள்ளே நுழைந்தால்?

காரைக்குடி சமையல்காரி:

அண்ணே, எட்டிப் பார்க்க நினைப்பவன் சேலை தேடி அலைய மாட்டான். சட்டையோடுதான் சுவர் ஏறுவான்.

ஆச்சி, நான் கல்யாணச் சமையலுக்குப் போகிற திருநங்கை. ஒரு மண்டபத்தில் என்னை ஆண்கள் பக்கம் போகச் சொன்னார்கள். உள்ளே போனேன், கதவுக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். தட்டினார்கள், சிரித்தார்கள். நான் வெளியே வரும்வரை நகரவில்லை. அதற்கப்புறம் மண்டப வேலை என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவேன். நீர்க்கடுப்பில் ஆஸ்பத்திரியில் படுத்ததுதான் மிச்சம். உங்கள் பிள்ளைக்குத் தாகம் இல்லாமல் இல்லை.

2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களோடு எங்களுக்கும் டிக்கெட் இலவசம். மடியில் பேரனை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் அக்காமார் யாரும் இறங்கி ஓடவில்லை.

அவளுக்கென்று தனியாக ஒன்று கட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள். பெரிய ஆபீஸில், யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஒன்று இருந்தால் நல்லதுதான். உங்கள் இடத்தில் 'திருநங்கை' என்று போர்டு மாட்டினால், வந்து போகிற ஆட்டோக்காரனுக்கெல்லாம் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, எதற்குக் கூச்சம் என்று கேளுங்கள். கதவையும் ஒரு தடவை பாருங்கள். பழைய வீட்டுப் பின்கட்டுக் கதவுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேவகோட்டை வக்கீல்:

சும்மா கேட்கிறவருக்கு: மறைந்திருந்து பெண்களைப் பார்ப்பவனுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 77வது பிரிவு இருக்கிறது. அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று அது கேட்காது.

புதுவயல் பலகாரக்காரி:

கேட்டேன். ஒருத்திக்குப் பாத்ரூம் பற்றிப் பேச்சே இல்லை. அதை ஒட்டி, வேலை முடிந்து எண்ணெய்ச் சேலையை மாற்றுகிற மறைப்பு ஒன்று இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது, பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறது. காற்றடித்தால் விலகும். விறகுப் பையன் கிணற்றுக்கு வந்தாலே அவளுக்கு உயிர் போய்விடுமாம். இத்தனை வருடமாக யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை!

ஆசாரியைக் கூப்பிட்டுக் கொட்டகையில் கிடந்த தேக்குக் கதவை அறுத்து மாட்டி, இரண்டு இடத்திலும் உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கொடுத்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று வீட்டுக்காரருக்குக் கோபம். அந்தப் பிள்ளையும் மற்றப் பெண்களும் கிணற்றடிப் பாத்ரூமுக்கே போகலாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருத்தி இன்னமும் அடுத்த தெருவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குத்தான் போகிறாள். போகட்டும், போய்வர ஆகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன். அதற்காக அந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப முடியாது.

வக்கீல் சார், ஆதாரில் அவளுக்குப் பழைய பெயர்தான் இருக்கிறது. கலெக்டர் சான்றிதழ் வாங்கினால் மாற்றலாம் என்கிறாள். அதற்குச் சிவகங்கை போக வேண்டுமா?

தேவகோட்டை வக்கீல்:

வேண்டாம். திருநர்களுக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2020 விதிகளின்படி ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும், மருத்துவப் பரிசோதனை கிடையாது. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. பத்திரத்தை நான் தட்டச்சு செய்து வைக்கிறேன், கையெழுத்துக்கு அவரை ஒரு நடை தேவகோட்டைக்கு அனுப்புங்கள்.