‘தி ராங் மேன்’ (1956): ஜெபமா, கடைக்காரம்மாவா?

பழையரீல்: “ஜெபம் பண்ணினான், திருடன் மாட்டினான். ஹிட்ச்காக் எடுத்த பக்திப் படம்” என்று ஜெரோம் தீர்ப்பு எழுதியிருக்கிறார். தன்னைப் போல் முகமுள்ள ஒருவன் செய்த திருட்டுக்கு, சாட்சிகள் தவறாக அடையாளம் காட்டியதால் மேனி மாட்டிக்கொள்ளும் கதை இது. அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ‘உதவி கேட்டு ஜெபித்தேன்’ என்கிறான் மேனி. ‘பலம் கேள்’ என்கிறாள் அம்மா. விடுதலையைப் பற்றிப் பேச்சே இல்லை. மேனியாக நடிக்கும் ஹென்றி ஃபோண்டாவின் உதடு அசையும்போதே அவர் முகத்தின் மேல் தெரு ஏறுகிறது. தொப்பியும் ஓவர்கோட்டுமாக ஒருவன் தூரத்திலிருந்து கேமராவை நோக்கி நேராக நடந்து வருகிறான். அவன் முகம் ஃபோண்டா முகத்தின் அளவுக்கு வந்து பொருந்தியதும் ஃபோண்டா மறைகிறார். சாட்சிகள் எப்படி ஏமாந்தார்கள் என்பதைக் காட்டும் ஷாட் அது.

ஜெரோம்: அப்படியானால் நடுவில் மேனி பார்க்கும், சுவரில் மாட்டிய இயேசு படம் எதற்கு? இயேசு, உதடு, திருடன். வரிசையே பதில்.

பழையரீல்: வரிசை அங்கேயே முடிந்துவிட்டதா? திருடன் கடைக்குள் போகிறான். கடைக்காரம்மா கத்தியை நீட்டி, காலால் தரையைத் தட்டுகிறாள். புருஷன் வந்து பின்னாலிருந்து மடக்குகிறான். பிறகு ஸ்டேஷனில் அவனைக் கடந்து வெளியே போன டிடெக்டிவ், நடைபாதையில் நின்று யோசித்துத் திரும்புகிறார். பிடித்தது அவள், அடையாளம் கண்டது அவர்.

ஜெரோம்: இயேசு படம் எதற்கு என்றுதான் கேட்டேன்.

இருட்டறை: இரண்டு பேரும் விட்டது: ‘ஒவ்வொரு வார்த்தையும் உண்மை’ என்று ஹிட்ச்காக்கே முதலில் வந்து சொல்கிறார். அப்புறம் லாக்கப்பில் ஃபோண்டாவைச் சுற்றிக் கேமரா சுழல்கிறது. ஹிட்ச்காக்கைப் பேட்டி கண்ட பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அதை அவரிடமே குறையாகச் சொன்னார். ஒரு முகத்தின் மேல் இன்னொரு காட்சியை ஏற்றும் இந்த இரட்டைப் பதிவும் அதே தப்புதான்.

பழையரீல்: சுழல்வது மேனியின் தலைசுற்றல். இது அவன் பார்க்கவே முடியாத தெரு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவருக்கு ராபர்ட் பர்க்ஸ் ஒளிப்பதிவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இருட்டறை: பர்க்ஸை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். போன மாதம் ‘வெர்டிகோ’ படம் பற்றிய இழையிலும் இதே தொனிதான் உங்களுக்கு.

வானதி: உண்மை என்றால் படக் கடைசியில் வரும் எழுத்து அட்டை? மேனியின் மனைவி ரோஸ் இரண்டு வருடத்தில் முழுக்கக் குணமாகிவிட்டாள், குடும்பம் ஃப்ளோரிடாவில் என்று போடுகிறார்கள். நிஜ ரோஸ் பலெஸ்ட்ரெரோ முழுதாக மீளவே இல்லை. 1953 ஜனவரியில் கணவரைப் பிடித்துப்போனது அவர் மனதை உடைத்தது. யார் முகம் யார்மேல் ஏறியது என்று சண்டை போடுகிறீர்கள், அந்தப் பொய்யை ஒருவரும் கேட்கவில்லை.

ஜெரோம்: வானதி சொல்வதும் எனக்குத்தான் சாதகம். மேனி வெளியே வந்தது ஜெபத்தால். ரோஸுக்கு யாரும் ஜெபிக்கவில்லை.

பழையரீல்: மருத்துவமனையில் மேனி நல்ல செய்தி சொல்கிறான். ரோஸ் அசையவில்லை. ‘அற்புதம் நடக்கும் என்று நம்பினேன்’ என்கிறான். நடக்கவில்லை! படமே மறுக்கும் வாதத்தை ஐந்தாம் முறை எழுதாதீர்கள்.

ஜெரோம்: எண்ணிக்கை இருக்கட்டும். இயேசு படம் எதற்கு?