காரோ மலைநாட்டில் ஒரு விவசாயக் கிராமத்தில் தங்க வேண்டும் – வழி சொல்லுங்கள்

இளவெயில்:

வேலை நிமித்தமாக இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேடான் நகரில் இருக்கிறேன். மாதக் கடைசியில் சில நாள் விடுப்பு கிடைக்கும். அலுவலகத்தில் எல்லோரும் தோபா ஏரிக்குப் போ என்கிறார்கள். எனக்கோ ஏரிக்குப் போகும் வழியில் காரோ மக்களின் மலைநாட்டில், பெராஸ்தாகி, கபன்ஜாஹே ஊர்களின் பக்கம் தெரியும் தோட்டங்களின் மீதுதான் கண். முட்டைக்கோசும் கேரட்டும் காபியும் ஒரே சரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

பெராஸ்தாகி ஓட்டலில் தங்கிவிட்டு எட்டிப் பார்த்து வருவதில் விருப்பமில்லை. உள்ளே ஒரு சிறு ஊரில், விவசாயக் குடும்பத்தோடு தங்க முடியுமா? லிங்கா, டோகான் என்ற இரண்டு ஊர்களின் பெயர்கள் எங்கும் அடிபடுகின்றன. அவை சரிவருமா? சினாபுங் எரிமலையால் ஆபத்து உண்டா? இந்தோனேசிய மொழி சமாளிக்கும் அளவுக்குத் தெரியும். காரோ மொழி ஒரு சொல்லும் தெரியாது. மாமிசம் அதிகம் சாப்பிடுவதில்லை.

மேடான் மருமகள்:

வாருங்கள் தம்பி. சனி ஞாயிறில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். மேடானே குளிர்ச்சியைத் தேடிப் பெராஸ்தாகிக்கு ஏறும். எழுபது கிலோமீட்டருக்கும் குறைவான வழிக்கு அரை நாள் போய்விடும். இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். மற்றதெல்லாம் இந்த மன்றத்தில் காபி வாங்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். வருடா வருடம் அந்தப் பக்கம்தான் கிடக்கிறார்.

கொட்டைவடிநீர்:

கூப்பிட்டதால் வந்தேன்.

லிங்காவும் டோகானும் பார்க்க வேண்டிய ஊர்களே. எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்த பழைய வீடுகள் அங்கே மிச்சமிருக்கின்றன. ஆணி அடிக்காமல் கட்டியவை. பனைநாரால் வேய்ந்த கூரை, முகட்டில் எருமைக்கொம்பு, சுவர்ப்பலகைகளைக் கயிற்றால் தைத்த தையலிலேயே பல்லி உருவம். இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. ஒரு முற்பகல் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். விவசாயம் பார்க்க வேண்டுமானால், பெயர்ப்பலகையில் "சுற்றுலா" என்ற சொல்லே இல்லாத ஊருக்குப் போக வேண்டும்.

நான் பச்சைக் காபிக்கொட்டை வாங்குகிறவன். ஏற்காட்டில் தொழில் கற்றேன், சுமத்ராவில் அதை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. நான் வழக்கமாகத் தங்கும் ஊர் திகாபனா பக்கம், கடல்மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கு மேலே. பெயரைப் பொதுவில் எழுதினால் அடுத்த வாரமே யாராவது காணொளி எடுக்கப் போய்விடுவார்கள். தனிச் செய்தியில் கேளுங்கள், தருகிறேன்.

ஊர் என்றால் ஒரே ஒரு தெரு. துருப்பிடித்த தகரக்கூரைகள், ஒரு புராட்டஸ்டண்ட் தேவாலயம், அதைவிடச் சிறிய கத்தோலிக்கக் கோயில், இரண்டு காபிக்கடைகள். நடுவில் சுவரில்லாத பெரிய மண்டபம் ஒன்று, பெயர் ஜம்பூர். கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான், எல்லோரும் பாயில் சம்மணமிட்டுத்தான். வயலுக்கு நடுவே சிமெண்ட் சமாதிகள் நிற்கும். தாத்தாவின் சமாதியைச் சுற்றித் தக்காளி பயிரிட்டிருப்பதைப் பார்த்து யாரும் கூச்சப்படுவதில்லை.

மண்ணைச் சொல்லவே வேண்டாம். எரிமலைச் சாம்பல் மக்கிய கருமண். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். அதனால் இது சொர்க்கம் என்று பயணக்கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மண் கொடுப்பதைச் சந்தை பிடுங்கிக்கொள்கிறது. தக்காளி விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது, அப்படியே செடியில் அழுக விட்டுவிடுவார்கள். பக்கத்து வயல்காரன் அதே பருவத்தில் மிளகாயில் அள்ளியிருப்பான். அடுத்த பருவம் ஊர் முழுக்க மிளகாய். பிறகு மிளகாய் விழும். இதைச் சூதாட்டம் என்று நான் சொன்னபோது ஒரு பெரியவர் மறுத்தார். சூதாட்டத்தில் உரக்கடைக்குக் கடன் வைக்க வேண்டியதில்லையாம்.

ஒரு காலத்தில் இந்த ஊர்களுக்குச் சோறு போட்டது ஆரஞ்சு. பச்சையும் மஞ்சளும் கலந்த தோல், புளிப்பு தூக்கலான பழம், மேடான் முழுக்க விற்றது. அதைப் பழ ஈ அழித்தது. ஈ தோலுக்கடியில் முட்டை வைக்கும், புழு தின்னும், பழம் முற்றுவதற்குள் உதிரும். மருந்து அடித்து மட்டும் தப்ப முடியாது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒருவன் மட்டும் புதைத்துப் பயனில்லை. மேலத்தோட்டத்துக்காரன் மேடானில் வேலைக்குப் போய், தோட்டம் கேட்பாரற்றுக் கிடந்தால் அங்கிருந்தே இவன் தோட்டத்துக்குப் படை வரும். கிளைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பாட்டில் பொறிகளை இன்றும் பார்க்கலாம். பலர் மரத்தை வெட்டிவிட்டுக் காபி நட்டார்கள். என் பிழைப்பு அப்படித்தான் வந்தது என்பதால் எனக்கு ஈ மேல் முழுக்கோபமும் வருவதில்லை.

நடுவது பெரும்பாலும் "சிகரார் ஊத்தாங்" என்ற குட்டை அராபிகா ரகம். சீக்கிரம் காய்க்கும், ஒரே பருவம் என்றில்லாமல் விட்டுவிட்டுக் காய்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே அறுவடை என்று திருவிழா கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழுத்ததை மட்டும் பறிப்பார்கள். சாயங்காலம் வாசலில் கையால் சுற்றும் பல்ப்பர் ஓடும் சத்தம் கேட்கும். பழத்தோல் ஒரு பக்கம், வழவழப்பான கொட்டை மறுபக்கம். அதைச் சாக்கில் கட்டி இரவு முழுக்கப் புளிக்க விட்டு, காலையில் அலசி, தெருவோரத் தார்ப்பாயில் பரப்புவார்கள்.

வித்தியாசம் இதற்கப்புறம்தான். நம்மூரில் பார்ச்மென்ட்டை, அதாவது மெல்லிய ஓட்டோடு இருக்கும் கொட்டையை, ஈரப்பதம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வரும்வரை காயவைத்துத்தான் ஓட்டை நீக்குவோம். அங்கே மதியமானால் மேகம் இறங்கிவிடுகிறது, வீட்டிலும் கைச்செலவுக்குக் காசு வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் சந்தைக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். வியாபாரி ஒரு பிடி அள்ளி, கொட்டையில் நகத்தை அழுத்தி, முகத்தைச் சுளித்து ஒரு விலை சொல்வார். அந்தச் சுளிப்பு எப்போதும் உண்டு, தரம் எதுவானாலும். பிறகு அவருடைய ஆலையில் ஈரத்தோடே ஓட்டை நீக்கி, வெறும் பருப்பாகக் காயவைப்பார்கள். கொட்டை நீலம்பாய்ந்த பச்சையாக வருவதும், கோப்பையில் அந்த மண்வாசனையும் கனமும் சேர்வதும் இந்த வேலையால்தான். ஊர்க் காபிக்கடையில் இதைத் தேடாதீர்கள். நல்லதையெல்லாம் விற்றுவிட்டு, கடையில் ரோபஸ்டா தூளில் சர்க்கரையைக் கொட்டிக் குடிக்கிறார்கள்.

காபிக்கடையில் சதுரங்கம் நடக்கும். காரோக்காரர்கள் அதில் பேர் போனவர்கள். காயை மெதுவாக நகர்த்துவதெல்லாம் கிடையாது, பலகை அதிர அறைந்து வைப்பார்கள். ஆண்கள் இங்கே இப்படி உட்கார்ந்திருக்க வயலில் பெண்கள் மண்வெட்டி பிடித்திருப்பார்கள். இதைப் பற்றி ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், சுவையான பதில் கிடைக்கும். வேலைக்குக் கூட்டமாகப் போவதற்கு ஆரோன் என்று பெயர். முன்பு இன்று உன் வயல், நாளை என் வயல் என்று முறை வைத்து உழைத்தார்கள். இப்போது பெரும்பாலும் நாள் கூலி. சில கிழவிகள் மட்டும் பழைய முறையை விடவில்லை. தலையில் துணியை மடித்து வைத்து, வாயில் வெற்றிலை, உதட்டோரம் அடக்கிய புகையிலை உருண்டையோடு கேரட் பிடுங்குவார்கள். அந்த உருண்டை அசையாமல் அவர்கள் எப்படி இத்தனை வசை பேசுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

திசையாயிரம்:

காரோ மக்களில் செம்பிரிங் என்ற குலத்தின் கிளைகளுக்குச் சோலியா, பண்டியா, பெலாவி, மெலியாலா என்றெல்லாம் பெயர் உண்டே! இவர்கள் கடல் கடந்த சோழர் வழி வந்தவர்கள்தானே? மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. இளவெயில் அங்கே போய் இதை ஆராய்ந்து எழுத வேண்டும்.

கொட்டைவடிநீர்:

ஐயா, பாருஸ் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கற்பூரம் வாங்க வந்தவர்கள். தொடர்பு இருந்தது என்பதற்கு அது போதும். ஆனால் பெயர்களை மட்டும் வைத்து ஒரு குலத்துக்கே வம்சாவளி எழுதிவிட முடியாது. மேலும் அந்தத் தம்பி கேட்டது தங்க இடம். போன இடத்தில் விருந்தோம்புகிறவனிடம் "நீ என் ஆள்" என்று ஆரம்பிப்பது நாகரிகமில்லை. அதை அவர்கள் சொல்லட்டும்; சொல்லவும் செய்வார்கள்.

எப்படி என்றால், ஊருக்குள் நுழைந்ததும் பெயருக்கு முன்னால் குலம் கேட்பார்கள். குலங்கள் ஐந்து: காரோ-காரோ, கிண்டிங், தாரிகான், செம்பிரிங், பெராங்கின்-அங்கின். உங்கள் குலம், தாயின் குலம் இரண்டையும் வைத்து, நீங்கள் எதிரே இருப்பவருக்கு என்ன முறை என்று நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். முறை தெரியாதவரை அவர்களுக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது, எப்படிக் கூப்பிடுவது என்றே புரியாது. நீங்கள் தமிழர் என்றதும் யாராவது செம்பிரிங்கில் சேர்த்துவிடுவார்கள். மறுக்காதீர்கள்.

சேர்ந்தபிறகு உங்களுக்குப் பாதி பிடிபட்டுவிடும். தாய்மாமன் அங்கேயும் மாமா, அவர் மனைவி மாமி. மாமன் மகள் முறைப்பெண். அத்தை மகளோ ஆகாது! நம்மில் பல குடும்பங்களில் இரண்டும் முறை, அங்கே ஒரு பக்கம் மட்டும் திறந்த கதவு. காரணம், பெண் கொடுத்த வீடு எப்போதும் உயர்ந்தது. அவர்களைக் கண்ணுக்குத் தெரியும் தெய்வம் என்பார்கள். பெண் எடுத்த வீட்டார் விருந்தில் அடுப்பு மூட்ட வேண்டும், பந்தி பரிமாற வேண்டும். அதே ஆள் அடுத்த வாரம் தன் தங்கையைக் கொடுத்த வீட்டு விசேஷத்தில் பாயில் ராஜாவாக உட்கார்ந்திருப்பான். மேடானில் பெரிய அதிகாரியாக இருக்கிற ஒருவர் ஜம்பூரின் பின்னால் கண்ணெரிய விறகு தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது பெண் எடுத்த வீட்டாரின் இடம். ஆகவே நான் போகும்போதெல்லாம் தேங்காய் துருவுகிறேன்.

இளவெயில்:

தேங்காய் துருவத் தயார்! சாப்பாடும் எரிமலையும் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். யாரிடம் போய்க் கேட்டுத் தங்குவது?

மேடான் மருமகள்:

சாப்பாட்டுக்கு நான். மரவள்ளிக்கீரை இடித்த குழம்பு, சௌசௌ, தக்காளி மிளகாய்ச் சம்பல் எல்லா வீட்டிலும் உண்டு, சோறு தாராளம். பன்றி இறைச்சிக்குக் காரோ பெயர் பெற்றது, அசைவம் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்கள். கோழியை வறுத்த சோளமாவில் சமைக்கும் சிப்பேரா கிடைத்தால் விடாதீர்கள். ஊர்த் திருவிழாவாக இருந்தால் சிம்பா தருவார்கள், இலையில் பொதிந்து வெல்லமும் தேங்காயும் வைத்து அவித்தது, நம் பூரணக் கொழுக்கட்டைக்கு அக்கா. தெரித்தேஸ் என்ற குழம்பு வந்தால் மட்டும் என்ன என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள். மாட்டின் இரைப்பையிலிருக்கும் பாதி செரித்த புல்லில் செய்வது!

கொட்டைவடிநீர்:

அதுவும் ருசியாகத்தான் இருக்கும், மருமகள் பயமுறுத்துகிறார்.

சினாபுங் பல நூற்றாண்டு தூங்கிவிட்டு 2010இல் விழித்தது. 2013இலிருந்து வருடக்கணக்கில் கக்கியது. 2014 பிப்ரவரியிலும் 2016 மே மாதத்திலும் தடைசெய்த பகுதிக்குள் இருந்தவர்களைச் சூடான சாம்பல் மேகம் கொன்றது. அவர்களில் வயலைப் பார்க்கப் போனவர்களும் உண்டு. பெகேரா, சிமாசெம், சுகாமெரியா ஊர்களை அப்படியே சியோசார் மேட்டுக்குக் குடிபெயர்த்தார்கள். சாம்பல் விழுந்த நாட்களில் முட்டைக்கோசு இலைக்கு இலை கழுவ வேண்டும், தகரக்கூரை ஓட்டையாகும். நான் சொல்லும் ஊர் அந்த மலையிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் போகுமுன் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். மலையேற மட்டும் யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

தங்குவதற்கு: மேடானில் பாடாங் பூலானிலிருந்து கபன்ஜாஹேக்குச் சிறு பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து ஊர் வண்டி. இறங்கியதும் நேரே காபிக்கடை, அங்கிருந்து ஊர்த்தலைவர் வீடு. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளி தகவல் கொடுக்க வேண்டும் என்று ஊர் முகப்பிலேயே எழுதியிருக்கும். பாஸ்போர்ட் நகல் கொண்டு போங்கள். வீட்டுக்காரருக்குப் பணம் கையில் கொடுத்தால் வாங்கத் தயங்குவார்கள். சர்க்கரை, தேயிலை, பிஸ்கட் வாங்கிப் போங்கள், கிழவிகளுக்கு வெற்றிலை. கிளம்பும்போது ரூபியாவை உறையிலிட்டு வீட்டம்மாவிடம் கொடுத்துவிடலாம், அவர்தான் கணக்கு வைத்திருப்பார். சந்தை நாளுக்கு முந்தைய நாள் போய்ச் சேருங்கள். மறுநாள் விடியுமுன் கேரட் மூட்டை ஏற்ற ஆள் தேடுவார்கள், உங்களைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். ஊர்ப்பெயரும் தலைவர் வீட்டு அடையாளமும் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.