திரியுண்டில் டென்ட் போட்டால் பையை யார் பார்த்துக்கொள்வது? (உதவி தேவை)

அம்பத்தூர்_நடையன்:
வணக்கம் மக்களே. அக்டோபரில் நாங்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து டெல்லி வழியாக இமாசலப் பிரதேசத்தில் இருக்கிற மெக்லியோட்கஞ்ச் போகிறோம். அங்கிருந்து ஏறுகிற திரியுண்டு மலைமேட்டில் இரண்டு ராத்திரி சொந்த டென்டில் தங்கி, நடுவில் ஒரு நாள் அதற்கும் மேலே இருக்கிற லாகா வரை ஏறிவிட்டு வருவதாகத் திட்டம். நடை, குளிர், தண்ணீர் பற்றியெல்லாம் தேடிப் படித்தாயிற்று. குழப்பம் வேறு இடத்தில். லாகா போகிற அன்று டென்ட் அரை நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும், உள்ளே மூன்று பெரிய பை இருக்கும். ஜிப்பில் சின்னப் பூட்டு போட்டால் போதுமா, இல்லை ஒருவன் போகாமல் காவலுக்கு உட்கார வேண்டுமா? ராத்திரி தூங்கும்போது போன், கேமராவை எங்கே வைப்பது? தெரிந்த பையன் ஒருவன் இமாசலத்திலேயே இருக்கிற கீர்கங்காவில் போனையும் ஷூவையும் தொலைத்துவிட்டு வந்தான், அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். அங்கே உள்ளூர்க்காரர்களை நம்பலாமா என்றும் சொல்லுங்கள்.

கல்லிடை_காற்று:
தம்பி, முதலில் பூட்டை மறந்துவிடுங்கள். டென்ட் என்பது துணி. திருட வந்தவன் பூட்டைத் திறக்க மாட்டான், பக்கவாட்டில் பிளேடு போடுவான், பையும் போய் டென்டும் கிழிந்து ராத்திரி குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். அதைவிட மோசம், வரிசையாக நிற்கும் இருபது டென்டில் ஒன்றில் மட்டும் பூட்டு தொங்கினால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று நீங்களே போர்டு மாட்டின மாதிரி. தூங்கும்போது மட்டும் உள்பக்கமாக இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்து ஒரு சின்ன காராபினர் (மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டும் கொக்கி) மாட்டுங்கள். அவசரத்துக்கு ஒரு கையால் கழற்றிவிடலாம், வெளியிலிருந்து சத்தமில்லாமல் இழுக்க முடியாது.

இன்னொன்று. சாலையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதோ, திருட்டு அவ்வளவு குறையும் என்பது என் அனுபவம். இரண்டு நாள் நடந்து போகிற கணவாயில் எவனும் பை திருடிக்கொண்டு இறங்க மாட்டான், இறங்க ஒரே வழிதான். திரியுண்டு அப்படி இல்லை. 2,800 மீட்டருக்கு மேலே இருந்தாலும் நடை தொடங்குகிற கல்லு தேவி கோயிலிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் செருப்புப் போட்டவன்கூட ஏறிவிடுகிறான். சனி ஞாயிறு கூட்டம் சந்தை மாதிரி. யார் எந்த டென்ட் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முடிந்தால் செவ்வாய், புதன் மாதிரி நாளாகப் பார்த்து ஏறுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

நீலப்பை:
பூட்டு பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பிளேடு வைத்துக்கொண்டு வருகிறவன் அபூர்வம். பெரும்பாலும் "யாரும் இல்லையே" என்று ஜிப்பைத் திறந்து கைக்குக் கிடைத்ததை எடுக்கிறவன்தான். அவனுக்கு ஒரு சின்னத் தடை போதும். ஆனால் பளபளக்கிற பூட்டு வேண்டாம், கறுப்பு கேபிள் டை ஒன்று போட்டு இறுக்குங்கள், திரும்பி வந்து கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். யாராவது திறந்திருந்தால் உடனே தெரிந்தும்விடும்.

கல்லிடை_காற்று:
@நீலப்பை கேபிள் டை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆள் உள்ளே இருக்கும்போது மட்டும் போட வேண்டாம்.

மலையேறும்_மதினி:
ராத்திரி விஷயத்துக்கு நான் சொல்கிறேன். போன், பவர்பேங்க், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் தள்ளிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உடம்புச் சூட்டில் வைத்தால் காலையில் சார்ஜ் அப்படியே இருக்கும். திருடனுக்கும் உங்கள் காலைத் தாண்டித்தான் கை போக வேண்டும். பணம், அடையாள அட்டை இடுப்புப் பையில், அதை ராத்திரியும் கழற்றக் கூடாது. நடுராத்திரி ஒதுங்கப் போகும்போதும் அது இடுப்பில்தான் இருக்க வேண்டும், "இரண்டு நிமிடம்தானே" என்று டென்டில் விட்டுப் போகிற அந்த நேரம்தான் வம்பு. பெண்கள் இருந்தால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் டென்ட் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டே நிற்கட்டும்.

கீர்கங்கா பற்றிச் சொன்னீர்களே, அங்கே வெந்நீர்க் குளத்தில் இறங்கும்போது எல்லாரும் துணி, போன், ஷூ எல்லாவற்றையும் கரையில் குவித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆவி எழும்பும், கண்ணாடி போட்டவருக்குக் கரையே தெரியாது. அங்கே போனால் முறை வைத்துக் குளிப்பதுதான் வழி, வேறு தந்திரம் கிடையாது.

அம்பத்தூர்_நடையன்:
அக்கா, சாக்ஸ் யோசனை அருமை. ஷூவை எங்கே வைப்பது? டென்டுக்குள் சேறாகிவிடுமே என்று வெளியே வைக்கத்தான் நினைத்தோம்.

கொல்லிமலை_வாத்தி:
வெளியே வைக்கவே வைக்காதீர்கள்! மலையில் காணாமல் போகிற ஷூவில் பாதி மனிதன் எடுத்தது இல்லை, நாய் எடுத்தது. தேநீர்க் கடைகளைச் சுற்றித் திரியும் நாய்க்கு வியர்வையில் ஊறின தோல் என்றால் எலும்பு மாதிரி. ஒன்றை மட்டும் தூக்கிப் போய் நூறடி தள்ளிப் புதருக்குள் கடித்துக்கொண்டு கிடக்கும். காலையில் ஒற்றை ஷூவோடு நின்று யாரோ திருடிவிட்டான் என்று கத்துவார்கள். ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள், காலையில் விறைத்தும் போகாது. சாப்பாட்டுப் பொருளும் அப்படியே. பகலில் குரங்கு வரும். டென்டில் பிஸ்கட் வாசம் வந்தால் ஜிப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லாகா போகிற அன்று தின்பண்டம் ஒரு துண்டுகூட உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் "உள்ளூர்க்காரர்களை நம்பலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கடை வைத்திருப்பவருக்கு அந்த இடம்தான் பிழைப்பு, அங்கே திருட்டு என்று பெயர் வந்தால் முதல் நஷ்டம் அவருக்கு. மேலே வரும் கத்தி (Gaddi) என்ற இனத்து இடையர்கள் ஆட்டு மந்தையோடு தௌலாதார் மலையைத் தாண்டிப் போகிறவர்கள், உங்கள் பவர்பேங்க் அவர்களுக்கு எதற்கு? அவர்களுடைய நாய்களிடம் மட்டும் ஜாக்கிரதை. சிறுத்தைக்குப் பயந்து கழுத்தில் இரும்பு முள் பட்டை கட்டியிருப்பார்கள், அன்னியர் நெருங்கினால் விடாது. தூரத்தில் நின்று குரல் கொடுத்து, அவர் நாயைப் பிடித்த பிறகு போங்கள். என்னைக் கேட்டால் பக்கத்து டென்டில் வந்து சேரும், பெயர்கூடச் சொல்லாத கூட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். முதல் சாயங்காலமே போய் எந்த ஊர் என்று இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். முகம் தெரிந்துவிட்டால் அவர்களே உங்கள் டென்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள்.

கல்லிடை_காற்று:
வாத்தியார் சொன்னதோடு சேர்த்து: லாகா போகிற அன்று பெரிய பைகளை டென்டில் வைக்காமல் ஒரு கடையில் ஒப்படைத்துவிடுங்கள். சும்மா கேட்காதீர்கள், முந்தின நாள் அங்கேயே சாப்பிட்டு, இவ்வளவு தருகிறேன் என்று பேசி, அவர் கண் முன்னால் மூன்று பைகளையும் சேர்த்து ஒரே கயிற்றால் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தனித்தனியாகக் கிடந்தால் இறங்குகிற ஆள் யாராவது தன் பை என்று நினைத்துத் தூக்கிப் போவதும் நடக்கும். கறுப்பு மழை உறை போட்டால் எல்லாப் பையும் ஒரே மாதிரிதான் இருக்கும், கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி முடிந்துவிடுங்கள். காவலுக்கு ஒருவன் உட்கார வேண்டாம், பாவம், அவ்வளவு தூரம் வந்து லாகா பார்க்காமல் போவானேன்.

ரயில்_பைத்தியம்:
எல்லாரும் மலையையே பேசுகிறீர்கள். சார், உங்கள் பை தொலைய அதிக வாய்ப்பு மலைக்குப் போகும் வழியில்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும், சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள், பூட்டுக்கு அதுதான் சரியான இடம். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போனால் தாபாவில் நிற்கும்போது எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இறங்குவார்கள். கேமராவும் போனும் இருக்கிற சின்னப் பையைச் சீட்டில் விட்டு இறங்காதீர்கள், மேல் தட்டிலும் வைக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் வைத்தால் பின்னால் இருக்கிறவன் காலால் இழுத்துவிடுவான். மடியில்தான். மலைக்குத் தேவையில்லாத துணிமணியை டெல்லி ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடலாம், ஆனால் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள்.

அம்பத்தூர்_நடையன்:
நன்றி சார், இதை யோசிக்கவே இல்லை. ஒருவேளை எல்லாம் மீறி போன் போய்விட்டால் மேலே சிக்னலும் இல்லாமல் என்ன செய்வது?

நீலப்பை:
கிளம்புவதற்கு முன்பே இரண்டு வேலை. *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும், அதை ஒரு தாளில் எழுதி மற்ற இருவரிடமும் கொடுங்கள். சிம்முக்குத் தனியாக ஒரு ரகசிய எண் (PIN) போடுங்கள், வேறு போனில் மாட்டி ஓடிபி வாங்க முடியாது. தொலைந்துவிட்டால் நண்பர் போனில் முதலில் சிம்மையும் யுபிஐயையும் முடக்குங்கள். போலீஸ் புகார் தர்மசாலாவில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிகிற முதல் தகவல் அறிக்கை) பதியலாம், 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிற புதுச் சட்டத்தில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புகார் நகல் இருந்தால்தான் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் போனை முடக்க முடியும். டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் எஸ்எம்எஸ் வர ஒரு நாள் ஆகலாம், ஆகவே அந்த ஒரு நாளுக்கும் டெல்லி வரைக்கும் ஆகிற செலவை ரொக்கமாக மூன்று பேரும் பிரித்து வைத்திருங்கள்.

அம்பத்தூர்_நடையன்:
சரி, முடிவு செய்துவிட்டோம். புதன்கிழமை ஏறுகிறோம், பைகள் கடையில், ஷூ தலைமாட்டில், போன் காலடியில். கேமராவை மட்டும் லாகாவுக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். கேபிள் டை வாங்கியாயிற்று.

மலையேறும்_மதினி:
டென்ட் போட அனுமதி விதி அங்கே அவ்வப்போது மாறும். கல்லுவில் ஏறுவதற்கு முன்னால் கேட்டுவிட்டுப் போங்கள். பெயர் எழுதச் சொன்னால் மூன்று பேர் பெயரும் எழுதுங்கள்.