கலைச்சொல்: பிந்தியிருக்கிறதா, பிந்துகிறதா?

உதகையிலிருந்து:

வணக்கம். நேர அமைப்புச் சாளரத்தின் தமிழாக்க வரைவில் 'விலகல்' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களில் நிற்கிறது. வன்பொருள் கடிகாரம் (கணினி அணைந்திருந்தாலும் மின்கலத்தில் ஓடுவது) இந்தக் கணத்தில் சரியான நேரத்திலிருந்து எத்தனை நொடி தள்ளி நிற்கிறது என்பதற்கும் அதுதான். நாளொன்றுக்கு எத்தனை நொடி தவறி ஓடுகிறது என்பதற்கும் அதுதான். முன்னதன் அலகு நொடி, பின்னதன் அலகு நாளுக்கு இத்தனை நொடி. அலகே வேறாக இருக்கும்போது சொல் ஒன்றாக இருப்பது தவறு.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதையே யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 நொடி வித்தியாசம். இது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, வெறும் விலகல். கடைசியாகச் சரிசெய்து பத்து நாள் ஆன நிலையில், இதைத் 'தவறி ஓடுவது' என்று நினைத்து ஒருவர், வன்பொருள் கடிகாரத்தைப் படிக்கவும் எழுதவும் உதவும் எச்டபிள்யூகிளாக் கட்டளையை, தவறும் வீதத்தைக் கணக்கிடும் 'அப்டேட்-டிரிஃப்ட்' தெரிவோடு இயக்கினால், நிரல் 19,800-ஐப் பத்தால் வகுக்கும். நாளுக்கு 1,980 நொடி தவறுகிறது என்று அந்தக் கணக்கை வைத்திருக்கும் அட்ஜ்டைம் கோப்பின் முதல் வரியில் எழுதிவிடும். பிறகு இல்லாத பிழைக்கு அதுவே திருத்தமும் போடும். மீள வேண்டுமானால் முதல் வரியின் முதல் எண்ணை 0.0 ஆக்கி, மூன்றாம் வரியில் யூடிசி என்று இருக்கிறதா என்று பார்த்து, விண்டோஸும் யூடிசியையே எழுதும்படி அதன் பதிவேட்டில் 'ரியல்டைம்இஸ்யூனிவர்சல்' மதிப்பை 1 என வைக்க வேண்டும்.

என் முன்மொழிவு: தள்ளி நிற்பது 'விலகல்', தவறி ஓடுவது 'நாட்பிசகு'.

கூடலூரிலிருந்து:

ஐயா, பிரித்தது மிகச் சரி. 'பிசகு' நல்ல சொல், எல்லோருக்கும் புரியும். 'நாள்' மட்டும் வேண்டாம். கணினி நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி நிரல் இதே அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்றுதான் காட்டுகிறது. அங்கே நாட்பிசகு பொருந்தாது. 'ஓட்டப்பிசகு' என்று வைத்து, அலகைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

இன்னொன்று. வரைவில் 'நிலையான பிசகு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அடைமொழியை எடுத்துவிட வேண்டும். தாய்ப்பலகையில் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம். அது பொதுவாக 25 பாகை செல்சியஸை ஒட்டித்தான் மிக வேகமாக ஓடும். குளிர்ந்தாலும் பிந்தும், சூடேறினாலும் பிந்தும். வெப்ப வேறுபாட்டை அதனாலேயே பெருக்கி 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று தோராயமாக வரும். மார்கழி, தை இரவில் உதகையில் பூட்டிய அறை ஒன்று 5 பாகைக்கு இறங்கினால் 20×20×0.034, அதாவது 13.6 பங்கு. நாளுக்கு ஏறக்குறைய 1.2 நொடி, மாதத்துக்கு 35 நொடி. படிகத்தின் பிறவிப் பிசகு 20 பங்கு வரை இருக்கலாம் என்பது தனிக் கணக்கு. அதே கணினி கூடலூரில் இருந்தால் குளிரால் வரும் இந்தப் பிந்தல் பெரும்பாலும் இருக்காது. சித்திரையில் அளந்த எண்ணை வைத்துத் தையில் திருத்தினால் தப்பாகத்தான் வரும்.

கூட்டல், கழித்தல் குறிகளையும் விட்டுவிடலாம். கூட்டல் என்றால் கடிகாரம் முந்துகிறது என்று பொருளா, நாம் கூட்ட வேண்டும் என்று பொருளா? குரோனியே 'டிராக்கிங்' அறிக்கையில் கணினி நேரத்தையும் ஓட்ட வேகத்தையும் குறி போடாமல் சொல்லால்தான் எழுதுகிறது. கடிகாரம் முந்துகிறது, பிந்துகிறது என்று நம் வீடுகளில் எப்போதும் சொல்லிவருகிறோமே!

உதகையிலிருந்து:

'ஓட்டப்பிசகு' ஏற்கிறேன். முந்துவது, பிந்துவது நம் சிக்கலையே அவிழ்த்துவிடுகிறது. '12 நொடி பிந்தியிருக்கிறது' என்றால் விலகல். 'நாளுக்கு 1.2 நொடி பிந்துகிறது' என்றால் ஓட்டப்பிசகு. பெயர்ச்சொல்லைப் படிக்காதவருக்கும் வினைமுற்றே வேறுபாட்டைச் சொல்லிவிடும். ஆகவே பயனர் பார்க்கும் வரிகளில் வினை, அமைப்புக் கோப்பு விளக்கங்களில் பெயர் என்று வைப்போம்.

'ஒத்திசை' என்ற பொத்தானையும் மாற்ற வேண்டும். வலைப்பின்னல் வழியே நேரம் பெறும் நெறிமுறையான என்டிபி தொடர்ந்து செய்வது ஒத்திசைவு. எச்டபிள்யூகிளாக் செய்வது ஒருமுறை, ஒரு திசையில் படியெடுப்பது. எது எதன்மேல் எழுதுகிறது என்று 'ஒத்திசை' சொல்லவில்லை. சிஆர்2032 மின்கலம் தீர்ந்து வன்பொருள் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும்போது திசை மாறி அழுத்தினால், சரியாக இருந்த கணினி நேரமும் கெடும். தேதி கெட்டால் வலைத்தளச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். உலாவி பக்கங்களைத் திறக்க மறுக்கும். கடிகாரத்தில் 'நேரம் வைத்தல்' என்பது நம் வழக்கு. 'வன்பொருள் கடிகாரத்தில் நேரம் வை', 'வன்பொருள் கடிகாரத்திலிருந்து நேரம் எடு' என இரண்டு பொத்தான்கள் போதும்.

ஓட்டப்பிசகை அளக்கும் உதவிக் குறிப்பில் இதைச் சேர்க்கிறேன்: நேரம் ஒத்திசைந்திருக்கும்போது வன்பொருள் கடிகாரத்தில் நேரம் வைத்து, கணினியை ஏழு நாள் அணைத்து வையுங்கள். அணைக்கும் முன் குரோனி அமைப்பில் 'ஆர்டிசிசிங்க்' வரியை முடக்குங்கள். முடக்காவிட்டால் இயங்குதளத்தின் மையமான கருநிரல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்தில் நேரம் வைத்துவிடும், அளக்க வேண்டிய பிசகு அழிந்துபோகும். மீண்டும் இயக்கி, கணினி நேரம் என்டிபியால் சரியான பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஏழால் வகுங்கள். எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கணினிக்கு இந்த அளவு தேவையில்லை.

கூடலூரிலிருந்து:

முழுச் சம்மதம். சிறு கணினியான ராஸ்பெரி பை 4-இல் வன்பொருள் கடிகாரமே கிடையாது என்பதால் அங்கே இரு பொத்தான்களும் மங்கலாகத் தெரிய வேண்டும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு இணைத்திருந்தால் மட்டும் இயங்கட்டும். அந்தச் சில்லு வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், 0 முதல் 40 பாகை வரை பிசகு 2 பங்குக்குள் நிற்கும். விலகலை ஒரேயடியாகத் தாண்டாமல், ஓட்டத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துத் தீர்ப்பதற்கு 'கரைத்தல்' பொருந்துமா? நொடிக்குப் பத்து லட்சத்தில் 500 பங்கு வீதம் கரைத்தால், ஒரு நொடி கரைய 2,000 நொடி ஆகும்.