எல்லோருக்கும் ரூட் கொடுத்தால் என்ன? எம்ஐடியில் கொடுத்தார்களே

தறிக்காரன் (கேள்வி):

எங்கள் கல்லூரி லினக்ஸ் பயனர் குழுவிடம் ஒரு பழைய சர்வர் இருக்கிறது. அதில் எதையும் மாற்றக்கூடிய ரூட் கணக்கின் கடவுச்சொல் இறுதியாண்டு சீனியர் ஒருவரிடம் மட்டும்தான். ராத்திரி வலைத்தளங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் விழுந்தால் அவர் போனை எடுக்கும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என்ன நடந்தது என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்க்கக்கூட அனுமதி இல்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் ஐடிஎஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லே இல்லை என்று படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது. எல்லோருக்கும் ரூட் கொடுப்போம் என்றேன். ‘ஒரே வாரத்தில் எவனாவது கவிழ்த்துவிடுவான்’ என்கிறார்கள். அங்கே மட்டும் எப்படி நடந்தது?

பழைய_முனையம்:

தம்பி, அங்கேயும் கவிழ்க்கத்தான் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

ஐடிஎஸ் 1960களின் பிற்பகுதியில் பிடிபி-6 இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினியை நிறுத்திக் காட்டுவது அப்போது மாணவர்களுக்கு ஒரு சாகசம். ஐடிஎஸ்காரர்கள் அதற்கென்றே ‘கில் சிஸ்டம்’ என்று ஒரு கட்டளை வைத்துவிட்டார்கள். யார் தட்டினாலும் இயந்திரம் நிற்கும். யாரும் செய்யக்கூடியதைச் செய்து என்ன பெருமை? புதிதாக வந்தவர் யாராவது ‘இது என்ன செய்யும்?’ என்று தட்டிப் பார்த்து நிறுத்தியதும் உண்டு. மறுபடி ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதே எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்குக் கடவுச்சொல் இருந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கூடுதல் கணினி நேரம் வேண்டும் என்று, கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் ஒரு பிழையால், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் அவரவர் முனையத்தில் வந்தது. பூட்டியதும் ஒழுகத்தான் செய்தது.

ஆனால் நீ ரூட்டை மட்டும் பார்க்கிறாய். ஐடிஎஸ்ஸில் யார் கோப்பையும் யாரும் படிக்கலாம். அடுத்தவர் முனையத்தில் என்ன ஓடுகிறது என்று உன் முனையத்திலிருந்தே பார்க்கலாம். சிஸ்டம் நிரலில் பிழை கண்டால் நீயே திருத்தலாம், திருத்தியது எல்லோர் கண்ணிலும் படும். 1962இல் ஸ்டீவ் ரஸ்ஸல் அங்கே ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை எழுதியபோதே இந்தப் பழக்கம் இருந்தது. நிரல் துளையிட்ட காகித நாடாவாக மேசை இழுப்பறையில் கிடந்தது. பீட்டர் சாம்சன் அதில் உண்மையான வானத்து விண்மீன்களைச் சேர்த்தார், டான் எட்வர்ட்ஸ் நடுச்சூரியனுக்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். யாரும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. பழுதைப் பார்த்தவனுக்கு அதைச் சரிசெய்ய உரிமை உண்டு என்பதே அவர்களின் அறம். உன் சீனியர் போனை எடுக்காத ராத்திரியில் அடிபடுவது அதுதான்.

அல்லி:

முனையம் அண்ணா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் அநேகமாக இல்லை. பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையிலிருந்து வந்தது, விற்று லாபம் பார்க்கும் நெருக்கடி இல்லை. ஒருவரையொருவர் முகம் தெரிந்த சிறு கூட்டம். அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பதை அங்கே உதவி என்று எடுத்துக்கொண்டார்கள். என் திரையை வகுப்பில் ஒருவன் அப்படிப் பார்ப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இயந்திரம் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆளின் அந்தரங்கம் வேறு.

தறிக்காரன், அந்த சர்வரில் யாருடைய தகவலாவது இருக்கிறதா?

பழைய_முனையம்:

அல்லி சொல்வது நியாயம், இதற்கு நான் எதிர்வாதம் வைக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: ஐடிஎஸ்ஸின் முடிவுக்குக் கடவுச்சொல் இல்லாதது காரணமல்ல. 1980களின் தொடக்கத்தில் ஆய்வகத்து ஹேக்கர்களில், அதாவது அங்கே ஆசையாய் நிரல் எழுதியவர்களில், பெரும்பாலோரை சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஐடிஎஸ் முழுக்க பிடிபி-10 குடும்பத்து இயந்திரங்களுக்கே உரிய அசெம்ப்ளி மொழியில் எழுதப்பட்டது. அவற்றைத் தயாரித்த டெக் நிறுவனம் அந்த வரிசையைக் கைவிட்டதும் போக இடமில்லை. எம்ஐடியில் கடைசி ஐடிஎஸ் இயந்திரங்கள் 1990இல் நின்றன. மூல நிரல் இன்று கிட்ஹப்பில் இருக்கிறது, பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஏற்றிப் பார்.

உங்கள் சர்வருக்கு: முதலில் எட்ஸிகீப்பர் நிறுவுங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் /ஈடிசி அடைவு முழுவதும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்குள் வந்துவிடும். யார் எதை மாற்றினார் என்று தெரியும், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிர வேண்டாம், அவரவர் கணக்கிலிருந்தே ரூட் வேலையைச் செய்யவிடும் சூடோவை அவரவர் பெயரில் கொடுங்கள். லாக் படிக்கும் அனுமதியை இன்றைக்கே எல்லோருக்கும் கொடுங்கள், அதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. தினமும் பேக்கப் எடுத்து வேறு இயந்திரத்தில் வையுங்கள்.

தறிக்காரன்:

அல்லி அக்கா, விக்கியும் மாணவர்களின் சோதனைத் தளங்களும்தான் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்டால், போன வருடப் பயிலரங்கில் பதிவு செய்தவர்களின் போன் எண்களும் அதே சர்வரில்தான் கிடக்கிறதாம். அதை முதலில் அங்கிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சூடோவுக்குச் சீனியர் இன்னும் சம்மதிக்கவில்லை. லாக் அனுமதி இன்று மாலை கொடுத்துவிட்டார்.