ஐந்தாவது அறையில் சித்தப்பா

நான் கடலுக்கடியில் போனவன் இல்லை. சித்தப்பா போனவர். விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் வைத்திருக்கிற ஐ.என்.எஸ். குர்சுராவை அவரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்ததுதான் என் அனுபவம். சோவியத் யூனியனிடமிருந்து நாம் வாங்கிய எட்டு ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கிகளில் அது ஒன்று. 1969 முதல் 2001 வரை பணியில் இருந்து, 2002-ல் அருங்காட்சியகமானது. சித்தப்பா இருந்தது அதே வகையில் வேறொரு கப்பல். டீசல் என்ஜின் பக்கம்.

வீட்டில் அவரைப் பற்றி இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். காது கொஞ்சம் மந்தம். ஆனால் அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால் முதலில் திடுக்கிட்டுத் திரும்புவது அவர்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டால்கூடச் சத்தம் வராது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வெளியே நின்று பார்த்தால் பெரிய கப்பல்தான், 91 மீட்டர் நீளம். உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டமான ஒரு துவாரம், அவ்வளவுதான். நான் தலையை முதலில் நுழைத்து முழங்காலை இடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது சித்தப்பா மேலே ஒரு பிடியைப் பற்றினார், ஒரு காலை விட்டார், அப்புறம் உடம்பு, அப்புறம் அடுத்த கால். அந்தப் பக்கம் போய்விட்டார். கை எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது அறையில் நின்றுவிட்டார். தலா 2000 குதிரைத்திறன் உள்ள மூன்று டீசல் என்ஜின்கள், நடுவே ஓர் ஆள் போகிற இடைவெளி. "ஏலே, இங்க பேசினா கேக்காது. எல்லாம் கைஜாடைதான்" என்றார். அதற்கப்புறம் வீட்டில் இத்தனை வருடம் பேசாததையெல்லாம் பேசினார்.

கப்பல் நீருக்குள்ளேயே இருக்க, காற்று இழுக்கிற ஸ்நார்க்கல் குழாயை மட்டும் மேலே நீட்டி டீசலை ஓட்டுவார்களாம். அலை குழாய்க்கு மேலே ஏறினால் அதன் வால்வு மூடிக்கொள்ளும். என்ஜின் உடனே நிற்காது, உள்ளே ஆட்கள் மூச்சு விடுகிற காற்றையே இழுக்கும். காது அடைத்துக்கொள்ளும். அலை இறங்கினால் திறக்கும். கடல் கொந்தளித்தால் ராத்திரி முழுக்க இப்படித்தான். இத்தனை பாடும் 448 பேட்டரிகளுக்கு மின்னேற்ற. அது ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும் என்பதால் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளியல் கிடையாது. லீவில் வந்தால் சித்தி அவர் துணியைக் கொல்லைப்புறத்திலேயே வாங்கிவிடுவார், டீசல் வாடை மூன்று துவைப்புக்கும் போகாது. வெக்கையை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. 1962 அக்டோபரில் இதே வகைச் சோவியத் கப்பல்கள் நான்கு கியூபா பக்கம் போனபோது உள்ளே 45 டிகிரிக்கு மேல் கொதித்ததாக நான் படித்திருக்கிறேன். வடகடல் குளிருக்கு என்று வடிவமைத்த வகையை வங்காள விரிகுடாவில் ஓட்டியவர்கள் நம் ஆட்கள்.

"டீசல நிறுத்திட்டு ஆழத்துக்குப் போயிட்டா பேட்டரில ஓடுற மோட்டார் மட்டுந்தான். அப்ப ஒரு ஸ்பேனர் கீழ விழுந்துச்சுன்னா சத்தம் எதிரிக்குக் கேட்டுருமோன்னு எழுபத்தஞ்சு பேரும் மூச்ச நிறுத்திருவோம்." அடுப்படிக் கரண்டி எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதே வகையில் ஐ.என்.எஸ். வாக்லி 2010-ல் ஓய்வு பெற்றபின் மாமல்லபுரத்தில் வைக்கத் திட்டம் இருந்தது. நடக்கவில்லை. நடந்திருந்தால் தூத்துக்குடியிலிருந்து இவரை இவ்வளவு தூரம் கூட்டிப் போயிருக்க வேண்டாம், எத்தனையோ பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

வழிகாட்டியாக இருந்தவரும் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர். சித்தப்பா நின்ற நிலையைப் பார்த்ததும் இந்தியில் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த போட்?" சித்தப்பா பெயரைச் சொன்னார். வழிகாட்டி அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை எங்களுக்கு முன்பே ஆறாவது அறைக்கு அனுப்பிவிட்டார்.

சித்தப்பா குனிந்து நடு என்ஜினின் அடியில் கையை விட்டுத் தடவினார். "கசிவு எப்பவும் இந்த இடத்துலதான் இருக்கும்" என்றார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்திருந்தது.