கை தோல் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு: ஜிம்முக்கு கிளவுஸ் போடலாமா, வேணாமா?

முதுநகர்_கடல்
வணக்கம். உள்ளங்கை தோல் கிழியுது, ஆறுது, மறுபடி அதே இடத்துல கிழியுது. கூட வர்ற பையன் கிளவுஸ் போடுங்கண்ணேங்கிறான். மாஸ்டர் அதெல்லாம் போட்டா பிடி வராதுன்னு திட்டுறாரு. எது சரி? வாங்குறதா இருந்தா எந்த மாதிரி வாங்கணும்? சாயங்காலம் பாண்டி போறேன், வரும்போதே வாங்கிட்டு வந்துடலாம்னு பாக்குறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்_கரும்பு
எந்தக் கை, கையில எந்த இடம், என்ன பயிற்சி பண்ணும்போது கிழியுது? இது மூணும் தெரியாம என்னத்தச் சொல்றது நண்பா.

பண்ருட்டியான்
யோசிக்கவே வேணாம், கிளவுஸ் வாங்கிடுங்க. நான் ஆரம்பத்துல இருந்தே போடுறேன், ஒரு காய்ப்பு கிடையாது. மணிக்கட்டுல பட்டை சுத்துற மாடலா எடுத்துக்கோங்க, பெஞ்ச் பிரஸ்ல மணிக்கட்டு வலிக்காது. ஞாயித்துக்கிழமைன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பேரம் பேசி வாங்கலாம். மத்த நாள்ல நேரு வீதிப் பக்கம் பாருங்க.

பட்டறைக்காரர்
இந்தக் கேள்வி வராத மாசம் இல்ல. பழசைத் தேடிப் படிக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது, வந்த உடனே ‘சீக்கிரம் சொல்லுங்க’. சரி, மறுபடி சொல்றேன். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலயும் 2018 கோல்டு கோஸ்ட்லயும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, 77 கிலோ பிரிவுல, கிளவுஸ் மாட்டிக்கிட்டா வாங்கினாரு? கை காய்க்கட்டும். காய்ச்ச கைக்குத்தான் இரும்பு அடங்கும். கிளவுஸ் கடைக்காரனுக்குத்தான் லாபம்.

உப்பளத்தான்
பட்டறை அண்ணே, அவங்க வெறுங்கையோட தூக்குறதா நினைச்சுக்காதீங்க. பளுதூக்குறவங்க கட்டைவிரலுக்கு டேப் சுத்துவாங்க, மேடை ஏறுறதுக்கு முன்னாடி கை நிறைய சாக் (ஈரத்தை உறிஞ்சுற வெள்ளைப் பொடி) பூசிப்பாங்க. கட்டைவிரலை பாருக்கும் (எடை மாட்டுற இரும்புக் கம்பி) மத்த விரலுக்கும் நடுவுல மடக்கி வைக்கிற ஹூக் கிரிப்புல கட்டைவிரல் தோல்தான் முதல்ல போகும், அதுக்குத்தான் அந்த டேப். அவங்க பயிற்சி வேற, முதுநகர்க்காரர் பண்றது வேற. முதல்ல அவரு எந்த இடத்துல கிழியுதுன்னு சொல்லட்டும்.

முதுநகர்_கடல்
வலது கை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழ. டெட்லிஃப்ட் (தரையில இருந்து பாரைத் தூக்குறது), புல்-அப் அன்னைக்குத்தான். பெஞ்ச், ஸ்குவாட்ல ஒண்ணும் ஆகறதில்ல. வெயிட்டும் பெருசா இல்ல, 80 கிலோதான்.

நெல்லிக்குப்பம்_கரும்பு
இப்பதான் விஷயத்துக்கு வந்திருக்கீங்க. வலது கை மட்டும்னா அந்த விரல்ல மோதிரம் இருக்கா? பார் புதுசா பழசா? சாக் இருக்கா? இன்னொண்ணு, என்ன வேலை பாக்குறீங்க?

வில்லியனூர்_வாத்தி
சாக் எல்லாம் தேடி அலைய வேணாம். குழந்தைக்குப் போடுற முகப் பவுடரைத் தடவிக்கோங்க, வேர்வையை இழுத்துடும். இல்லைன்னா கரும்பலகை சாக்பீஸைப் பொடி பண்ணிக்கலாம்.

உப்பளத்தான்
பவுடரைக் கையில போட்டுடாதீங்க, ஆபத்து. டால்கம் வழுக்கும். பவர்லிஃப்டிங்காரங்க டெட்லிஃப்டுக்கு முன்னாடி அதைத் தொடையிலதான் தடவுவாங்க, பார் உரசாம மேல ஏறணும்னு. தொடையில வழுக்கணும்னு போடுறதைக் கையில போட்டா என்ன ஆகும்? ஜிம் சாக்குங்கிறது மெக்னீசியம் கார்பனேட். ஈரத்தை உறிஞ்சி பிடியைக் கூட்டும். பள்ளிக்கூடத்து சாக்பீஸ் வேற சரக்கு, கையில மாவா நிக்கும், பிடி குடுக்காது.

பட்டறைக்காரர்
80 கிலோவுக்கே கை கிழியுதுன்னா பிடிக்கவே தெரியலைன்னு அர்த்தம். மாஸ்டர் என்ன சொல்லிக் குடுத்தாரு?

நெல்லிக்குப்பம்_கரும்பு
சொல்ற விதத்தை விடுங்க, அவர் சொன்னதுல பாதி சரி. பாரை உள்ளங்கை நடுவுல வச்சு இறுக்கிப் பிடிக்கிறவங்கதான் நிறைய பேர். தூக்க ஆரம்பிச்சதும் எடை கீழ இழுக்கும், பார் விரல் பக்கமா உருளும். உருளும்போது விரலுக்குக் கீழ இருக்கிற தோலை மடிச்சு நசுக்கும். அந்த மடிப்புதான் காய்க்கும், அந்தக் காய்ப்புதான் ஒருநாள் பிய்யும். எப்படியும் பார் வந்து நிக்கப்போற இடம் விரல் அடி ரேகை. அப்ப முதல்லயே அங்க வச்சுப் பிடிச்சா மடிய தோலே இருக்காது. புல்-அப்புக்கும் இதேதான். பெஞ்ச் பிரஸ்ல மட்டும் நேர் மாறு, பார் உள்ளங்கை அடியில மணிக்கட்டு எலும்புக்கு நேரா உக்காரணும். அதை அங்க பழகிட்டு அப்படியே டெட்லிஃப்டுக்கும் கொண்டுவந்துடுறாங்க.

லாஸ்பேட்டை_நர்ஸ்
நான் கிளவுஸ் போடுறவ, அதனால என் பக்கத்தையும் சொல்லிடுறேன். வேலை நேரம் முழுக்க கைக்கு ஸ்பிரிட் கலந்த சானிடைசர் போடணும். தோல் பிஞ்ச கையில அது பட்டா உயிர் போகும். காயத்தோட நோயாளியைத் தொடுறதும் தப்பு. அதனால டம்பெல், கேபிள் எல்லாத்துக்கும் கிளவுஸ்தான். டெட்லிஃப்டுக்கு மட்டும் கழட்டிடுவேன். பெண்களுக்கான ஒலிம்பிக் பார் 25 மில்லிமீட்டர் கனம், 15 கிலோ. ஆண்களோடது 28 மில்லிமீட்டர், 20 கிலோ. எங்க ஜிம்ல பெரிய பார்தான் இருக்கு. என் கை சின்னது, அதுக்கு மேல கிளவுஸ் பஞ்சும் சேர்ந்தா விரல் சுத்தி வந்து கட்டைவிரலைத் தொடவே தொடாது. முதுகுல பலம் பாக்கி இருக்கும்போதே பிடி விட்டுடும். முதுநகர் மாஸ்டர் சொன்னது இதைத்தான். அவர் சொன்னதுல தப்பில்ல.

கர்லா_அடிமை
புதுச்சேரியில பிறந்துட்டு கிளவுஸ் பத்திப் பேசுறீங்களே! நம்ம ஊர் தேகப்பயிற்சிக் கூடத்துல கர்லாக்கட்டை சுத்துனவங்க யாராவது உறை மாட்டினாங்களா? வெறுங்கையாலதான் சுத்துவாங்க. மணிக்கட்டு, முன்கை, தோள் மூணும் சேர்ந்து வளரும். இரும்பை விட்டுட்டு கர்லாவுக்கு வாங்க, கையும் கிழியாது.

பட்டறைக்காரர்
கர்லா வழவழன்னு கடைஞ்ச மரம். பார்ல பிடிக்காகவே சொரசொரன்னு வரி வெட்டியிருப்பாங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறீங்களே, ரெண்டையும் தொட்டுப் பாத்திருக்கீங்களா?

கர்லா_அடிமை
தொட்டுப் பாத்துத்தான் பேசுறேன். மரம்னாலும் சுழலும்போது பிடிக்குள்ள திரும்பிக்கிட்டேதான் இருக்கும், அதுவும் உரசல்தான். காய்ப்பு எங்களுக்கும் வரும், ஆனா சுண்டு விரல் பக்கம் கைப்பிடி குமிழ் இடிக்கிற இடத்துல வரும். பிய்யாது. ஏன்னா கர்லாவை இறுக்கிப் பிடிக்க மாட்டோம். பிடி தளர்வா இருக்கணும், சுழற்சிதான் கட்டையைத் தாங்கும்.

பட்டறைக்காரர்
தளர்வாப் பிடிச்சு 80 கிலோ டெட்லிஃப்ட் பண்ணிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

கர்லா_அடிமை
தோள் சுழற்சிக்கான பயிற்சிகிட்ட டெட்லிஃப்ட் கேக்குறீங்க. அளவுகோலே தப்பு.

பண்ருட்டியான்
ரெண்டு பேரும் தனி இழை தொடங்கி அடிச்சுக்கோங்க. கேட்டவரு பாவம் காத்துக்கிட்டு இருக்காரு. கிளவுஸ் பிடிக்கலைன்னா மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துச் சுத்துற ஸ்ட்ராப் கட்டிக்கலாமே?

உப்பளத்தான்
ஸ்ட்ராப் இந்தப் பிரச்சினைக்கு மருந்தில்ல. பிடி முந்திக்கிட்டு சோர்ந்துபோய் முதுகுக்கு வேலை கிடைக்காதவங்களுக்கு அது. போட்டிக்குப் போற எண்ணம் இருந்தா இன்னும் யோசிக்கணும், பளுதூக்குதல்லயும் சரி, பவர்லிஃப்டிங்லயும் சரி, மேடையில ஸ்ட்ராப் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்ல மீராபாய் சானு 49 கிலோ பிரிவுல 202 கிலோ மொத்தம் தூக்கி வெள்ளி வாங்கினாங்க, அது முழுக்க அவங்க பிடி. தினசரி பயிற்சியில கடைசி செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் போடுறது தப்பில்ல. முதல் செட்ல இருந்தே போட்டா விரல் பலம் வளராது.

ஒரு கை உள்ள பாத்து, ஒரு கை வெளிய பாத்துப் பிடிக்கிறதையும் யாராவது சொல்லிக் குடுப்பாங்க. பிடி நிக்கும், வாஸ்தவம். ஆனா வெளிய பாத்த கையை மடக்கி இழுத்தா பைசெப்ஸ் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் இருக்கு. புதுசுன்னா வேணாம்.

முதுநகர்_கடல்
மோதிரம் இருக்கு, வலது கையில ராசிக்கல் மோதிரம். பார் பழசு, அங்கங்க துரு. ஜிம் கடற்கரைப் பக்கம். சாக் இல்ல, தரை அழுக்காகுதுன்னு ஓனர் விட மாட்டாரு. வேலை துறைமுகத்துல, மீன் ஏலக்கூடம். ஐஸ் அள்ளுறது, பெட்டி தூக்குறது. விடியக்காலையில இருந்து மதியம் வரைக்கும். முடிச்சுட்டு நேரா ஜிம். இதுல வேலை எங்க வந்துச்சு?

லாஸ்பேட்டை_நர்ஸ்
அண்ணே, வேலைதான் எல்லாம்! இதை முதல் வரியிலயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

விடியல்ல இருந்து ஐஸ் தண்ணியில கிடக்கிற கை ஊறிப்போய் வெளுத்து சுருங்கியிருக்கும் இல்ல? அந்த நேரத்துல தோலுக்கு வலுவே இருக்காது. காய்ப்பு தண்ணியைக் குடிச்சு உப்பி நிக்கும். அப்படியே போய் சொரசொர பாரைப் பிடிச்சா பிய்யாம என்ன பண்ணும்? நீங்க கிளவுஸ் போட வேண்டியது ஏலக்கூடத்துல. முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் உறை, உள்ள மெல்லிசா ஒரு பருத்தி உறை. வெறும் ரப்பர்னா உள்ளயே வேர்த்து அதுலயும் ஊறும். பருத்தி உறை ரெண்டு ஜோடி வச்சு நடுவுல மாத்துங்க. வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவி, துடைச்சு, சாப்பிட்டு, கை நல்லாக் காய்ஞ்சப்புறம் ஜிம்முக்குப் போங்க.

இதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. தோல் பிஞ்ச கையோட மீனையும் கடல் தண்ணியையும் தொடுறீங்க. மீன் முள்ளுலயும் செதில்லயும் இருக்கிற கிருமி காயம் வழியா உள்ள போனா விரல் ஊதா கலந்த சிவப்பா வீங்கி வலிக்கும். கடல் தண்ணியில இருக்கிற விப்ரியோ வகைக் கிருமி சில பேருக்கு சில மணி நேரத்துலயே பரவிடும், சர்க்கரையோ ஈரல் கோளாறோ இருந்தா உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு சர்க்கரை இருக்கான்னு தெரியலைன்னா ஒருதடவை பாத்துடுங்க. சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி மேல கைக்கு ஏறினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டு வைத்தியம் பாக்காதீங்க. கடலூர் அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, பக்கத்துல எதுவோ அங்க போயிடுங்க. டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு வருஷம் ஆச்சுன்னும் பாருங்க. துருவுக்குத்தான் அந்த ஊசின்னு சொல்வாங்க. அந்தக் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும்தான் நிறைய, அழுக்குப் படுற எந்தக் காயமும் கணக்குல சேர்த்திதான்.

இப்ப இருக்கிற காயத்துக்கு: சோப்புத் தண்ணியில கழுவுங்க. தோல் சுத்தமா இருந்தா அப்படியே காயத்து மேல படிய வச்சு, வாசலின் தடவி, பிளாஸ்டர். தொங்கிக்கிட்டு அழுக்கா இருந்தா மட்டும் சுத்தமான கத்தரியால ஓரத்தை வெட்டுங்க, பிடிச்சு இழுக்காதீங்க. ஆறுற வரைக்கும் ஸ்குவாட், லெக் பிரஸ் மட்டும். ஆறினப்புறம் வாரத்துக்கு ஒருநாள் குளிச்ச உடனே பாதம் தேய்க்கிற கல்லால காய்ப்பை லேசாத் தேயுங்க. முழுசா எடுக்கக் கூடாது, பக்கத்துத் தோலோட சமமா இருந்தாப் போதும். மேடாத் துருத்திக்கிட்டு நிக்கிறதுதான் பிய்யும்.

நெல்லிக்குப்பம்_கரும்பு
ராசிக்கல் மோதிரத்தை ஜிம்முக்குள்ள கண்டிப்பாக் கழட்டிடுங்க. வலது கை மட்டும் கிழியறதுக்குக் காரணம் அதுதான், பாருக்கும் மோதிரத்துக்கும் நடுவுல தோல் சிக்குது. தோல் போனாப் பரவாயில்ல. புல்-அப் கம்பியில மோதிரம் மாட்டிக்கிட்டு உடம்பு கீழ இறங்கினா விரல் சதையையே உருவி எடுத்துடும். கழட்ட மனசில்லைன்னா கயித்துல கோத்து கழுத்துல போட்டுக்கோங்க.

துருவுக்கு ஓனரைக் கேளுங்க. கடல் காத்துல பார் இப்படித்தான் ஆகும். வரியில அடைஞ்சதை நைலான் பிரஷ்ஷால தேய்ச்சுட்டு எண்ணெய்த் துணியால துடைச்சு, மிச்ச எண்ணெய் போக வேற துணியால ஒத்தி எடுத்தாப் போதும். துரு முள்ளாக் குத்துறது பாதி குறையும்.

பட்டறைக்காரர்
ஐஸ் வேலை விஷயம் நியாயம்தான். ஊறின கையோட யாரும் பார் தொடக் கூடாது. ஆனா தோல் காய்ஞ்சப்புறமும் கிளவுஸ் வேணாம்கிறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

பண்ருட்டியான்
என் கிளவுஸ் நாறுது, துவைச்சா கிழிஞ்சுடுமா? இழையோட இழையா கேட்டுக்கிறேன்.

லாஸ்பேட்டை_நர்ஸ்
துணி கிளவுஸ்னா சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க. தோல் கிளவுஸ்னா ஊறப் போடாதீங்க, ஈரத்துணியால துடைச்சுக் காத்தாட விடுங்க. பைக்குள்ளயே போட்டு மூடி வைக்கிறதுதான் நாத்தத்துக்குக் காரணம். நம்ம ஊர் காத்துல ஈரம் ஜாஸ்தி, பைக்குள்ள அது காயவே காயாது.

முதுநகர்_கடல்
எல்லாருக்கும் நன்றி. பாண்டியில ஜிம் கிளவுஸ் வாங்கல, ரப்பர் உறையும் பருத்தி உறையும் வாங்கினேன். மோதிரம் கழட்டியாச்சு. சுகர் பாத்தேன், நார்மல். காயம் மூடிக்கிச்சு, விரல் அடியில பிடிச்சு குறைஞ்ச வெயிட்ல பழகுறேன், கிழியல. சாக்குக்கு மட்டும் ஓனர் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறாரு.

உப்பளத்தான்
திரவ சாக் கேட்டுப் பாருங்க. மெக்னீசியம் கார்பனேட்டை ஆல்கஹால்ல கலந்தது, கையில தடவினா கொஞ்ச நேரத்துல காய்ஞ்சு ஒட்டிக்கும், தரையில கொட்டாது. ஓனர் ஒத்துக்குவாரு. காயம் முழுசா ஆறினப்புறம் போடுங்க, இல்லைன்னா எரியும்.